7. அங்ககச் சான்று: விண்ணப்பத்துக்கு முன் வரப்பைப் பாருங்கள்

சான்று வாங்க வேண்டும் என்று வரும் விவசாயியிடம் நான் முதலில் கேட்பது, விளைந்ததை யாருக்கு விற்கப்போகிறீர்கள் என்பதைத்தான். ஊரிலேயே, முகம் தெரிந்த குடும்பங்களுக்குக் கண்ணெதிரே அளந்து கொடுக்கிறவருக்குச் சான்று கட்டாயமில்லை. அங்கக உணவுக்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017-ல் கொண்டுவந்த விதிகளே, சிறு உற்பத்தியாளர் சாப்பிடுகிறவருக்கு நேரடியாக விற்பதற்கு விலக்கு கொடுத்திருக்கின்றன. அங்கக உணவுக்கான 'ஜைவிக் பாரத்' முத்திரையை மட்டும் அவர் பையில் அச்சிடக் கூடாது.

சென்னைக் கடைக்காரர், கோயம்புத்தூர் நிறுவனம், இணைய விற்பனை, ஏற்றுமதி என்று நடுவில் இன்னொரு ஆள் வந்துவிட்டால் நிலைமை வேறு. உங்கள் வாய்ச்சொல் கடைசியில் சோறு தின்கிறவர் வரை போய்ச் சேராது. அந்த இடத்தில் சான்றுதான் பேச வேண்டும். அதனால் இரண்டு வருடத்துக்குப் பிறகு உங்கள் நெல் எந்த வாசலில் இறங்கப்போகிறது என்பதை இன்றைக்கே ஓரளவு தீர்மானித்துக்கொள்ளுங்கள். எந்தச் சான்று, எவ்வளவு செலவு, எத்தனை பதிவேடு என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

இந்த அத்தியாயம் முழுக்க ஒரே நிலத்தை வைத்துப் பேசுவோம். திருவாரூர்ப் பக்கம் மூன்று ஏக்கர். இரண்டரை ஏக்கர் நஞ்சை. சம்பாவில் மாப்பிள்ளைச் சம்பாவும் தூயமல்லியும், அறுப்புக்கு முன் ஈரத்தில் தெளிக்கும் உளுந்து. மீதி அரை ஏக்கர் திடலில் வீடு, மாட்டுக்கொட்டகை, தென்னை. வாய்க்கால் பாசனம், துணைக்கு ஒரு போர். சுற்றிலும் யூரியா போட்டு, மருந்தடித்து விவசாயம் செய்கிறவர்கள். டெல்டாவில் இயற்கை விவசாயத்துக்குத் திரும்பும் பெரும்பாலான சிறு விவசாயிகளின் நிலை ஏறக்குறைய இதுதான்.

இரண்டு வழிகள்

முதல் வழி, மூன்றாம் நபர் சான்று. மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் 2001 முதல் நடந்துவரும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின்படி, அங்கீகாரம் பெற்ற ஒரு சான்றளிப்பு நிறுவனம் வந்து பார்த்துக் கொடுப்பது. என்.பி.ஓ.பி. சான்று என்பார்கள். இதை மேற்பார்க்கும் அமைப்பு அபீடா. தனியார் நிறுவனங்கள் பல இருக்கின்றன. தமிழ்நாட்டில் அரசே 2007-ல் கோயம்புத்தூரைத் தலைமையிடமாக வைத்து இதற்கொரு துறையைத் தொடங்கியது. இன்று அது விதைச் சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை. மாவட்டத்தில் விதைச் சான்று மற்றும் அங்ககச் சான்று உதவி இயக்குநர் அலுவலகம் எங்கே என்று வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டால் சொல்வார்கள். சிறு, குறு விவசாயிகளுக்கு, அதாவது ஐந்து ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு, கட்டணம் குறைவு. நடப்புக் கட்டணத்தை அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய துண்டறிக்கையை நம்ப வேண்டாம்.

இரண்டாவது வழி, பி.ஜி.எஸ். எனப்படும் பங்கேற்பு உறுதியளிப்பு முறை. மத்திய வேளாண் அமைச்சகம் 2011-ல் தொடங்கியது. இதில் வெளியாள் வந்து சான்று கொடுப்பதில்லை. ஒரே ஊரிலோ பக்கத்து ஊர்களிலோ உள்ள விவசாயிகள், குறைந்தது ஐந்து பேர், ஒரு குழுவாகச் சேர்கிறார்கள். ஒருவர் நிலத்தை மற்றவர்கள் போய்ப் பார்த்து, கேள்வி கேட்டு, படிவத்தில் எழுதி, குழுவாக உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். அதை மண்டலக் குழுமம் சரிபார்த்துச் சான்று வழங்குகிறது. ரசாயனத்திலிருந்து அங்ககத்துக்கு மாறும் மாறுகாலத்தில் இருப்பவருக்கு 'பி.ஜி.எஸ். கிரீன்', முழுதாக மாறியவருக்கு 'பி.ஜி.எஸ். ஆர்கானிக்'. உள்நாட்டு விற்பனைக்கு இது சட்டப்படி செல்லும், ஏற்றுமதிக்குச் செல்லாது.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். நம் மூன்று ஏக்கர்க்காரர் தமிழ்நாட்டுக்குள்தான் விற்கப்போகிறார் என்றால் அவருக்கு பி.ஜி.எஸ். போதும், செலவும் மிகக் குறைவு. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பக்கத்து வயல்காரன் கண்ணை யாராலும் ஏமாற்ற முடியாது. வருடத்துக்கு ஒருமுறை வரும் ஆய்வாளருக்குத் தெரியாதது, தினமும் அந்த வரப்பில் நடப்பவருக்குத் தெரியும். பயிரின் கரும்பச்சை நிறத்தைப் பார்த்தே யூரியா விழுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் அந்த ஐந்து பேரும் ஒருவரையொருவர் முகம் பார்த்துக் கேள்வி கேட்கத் துணிந்தவர்களாக இருக்க வேண்டும். சொந்தக்காரர்கள் ஐந்து பேர் சேர்ந்து படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டால் அந்தச் சான்றுக்கு மதிப்பில்லை. அந்தக் குழு ஒரு புகாரைக் கூடத் தாங்காது.

நிறுவனத்துக்கோ ஏற்றுமதியாளருக்கோ விற்கிறவர் முதல் வழியில்தான் போக வேண்டும். அதிலும் தனியாகப் பதிவு செய்யலாம், குழுவாகவும் செய்யலாம். குழுவாகச் செய்தால் செலவு பகிர்ந்துவிடும். ஆனால் சான்று குழுவின் பெயரில்தான் இருக்கும். குழுவுக்கு வெளியே நீங்கள் தனியாக ஒரு கடைக்காரரிடம் அந்தச் சான்றைக் காட்டி விற்க முடியாது. ஒரு நிறுவனம் வந்து, "நாங்களே எல்லாச் செலவும் பார்த்துக்கொள்கிறோம், பட்டா நகலும் ஆதார் நகலும் மட்டும் கொடுங்கள்" என்றால், சான்று யார் பெயரில் இருக்கும், விளைச்சலை அவர்களுக்கே கொடுத்தாக வேண்டுமா, விலகினால் மாறுகாலம் செய்த வருடங்கள் உங்களோடு வருமா என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பெயர் எந்தக் குழுவில் இருக்கிறது என்றே தெரியாமல் நீங்கள் பல வருடம் உறுப்பினராக இருந்துவிடக் கூடும்.

நாள் கணக்கு

மாறுகாலத்தை விதி இப்படிச் சொல்கிறது: ஒருபோகப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு வருடம், பல்லாண்டுப் பயிருக்கு அறுவடைக்கு முன் மூன்று வருடம். இதைப் படித்துவிட்டு "இரண்டு வருடம்தானே" என்று நினைக்கிறவர்கள் அதிகம். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நம் விவசாயி 2026 ஜூன் 10-ஆம் தேதி பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாறுகாலம் 2028 ஜூன் 10-ல் முடிகிறது. அந்த வருடம் ஆவணியில் நாற்று விட்டு, நட்டு, 2029 தை, மாசியில் அறுக்கும் சம்பா நெல்தான் முதல் அங்கக நெல். அதாவது இரண்டே முக்கால் வருடம் கழித்துத்தான் நல்ல விலை கையில் விழும். அவரே நடவு வேலையெல்லாம் முடியட்டும் என்று 2026 அக்டோபர் 10-ல் பதிவு செய்தால்? மாறுகாலம் 2028 அக்டோபரில் முடியும். அதற்குள் அந்த வருடச் சம்பா வயலில் ஏறியிருக்கும். அது மாறுகாலப் பயிராகவே போய்விடும். பின்னால் தெளிக்கும் உளுந்து மட்டும் தப்பும். முதல் அங்கக நெல்லுக்கு 2030 வரை காத்திருக்க வேண்டும். நான்கு மாதம் தள்ளிப்போட்டதற்கு ஒரு முழுப் போக நெல் போகிறது. ஆகவே சம்பாக்காரர்கள் ஆடிக்குள் பதிவை முடித்துவிடுங்கள்.

தென்னைக்கு இந்தச் சிக்கல் இல்லை. பதிவிலிருந்து மூன்று வருடம் கழித்துப் பறிக்கும் காய் அங்ககக் காய்.

"நான் ஏற்கெனவே ஐந்து வருடமாக உப்பு உரம் போடுவதில்லையே, அது கணக்கில் வராதா?" என்று கேட்பார்கள். நீங்கள் நிறுத்திய நாளை வைத்துக் காலம் தானாக ஓடுவதில்லை, பதிவு செய்த நாளிலிருந்துதான் ஓடும். பழைய காலத்துக்கு எழுத்து ஆதாரம் இருந்தால், நிலத்தின் வரலாற்றைப் பார்த்துச் சான்றளிப்பு நிறுவனம் மாறுகாலத்தைக் குறைக்க இடமுண்டு. தேதி போட்ட குறிப்பேடு, வேப்பம்பிண்ணாக்கு வாங்கிய ரசீது, தரிசாகக் கிடந்ததைக் காட்டும் அடங்கல் ஆகியவற்றைப் பதிவின்போதே கொண்டுபோங்கள்.

மாறுகாலத்தில் விளைச்சல் குறையும். குறையாது என்று மேடையில் சொல்பவர்களை நம்பி முழு நிலத்தையும் கடன் வாங்கி மாற்றியவர்கள் மறு வருடமே மூட்டை யூரியாவோடு திரும்பிவிடுகிறார்கள். மண்ணில் உயிர் ஏற இரண்டு மூன்று போகம் எடுக்கும். அதற்குள் குடும்பம் நடக்க வேண்டும். நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் முதலில் மாற்ற விதி அனுமதிக்கிறது. ஆனால் ஒரே பயிரை ஒரு பக்கம் அங்ககமாகவும் இன்னொரு பக்கம் உரம் போட்டும் செய்யக் கூடாது. இங்கே நெல், அங்கே கரும்பு என்று பார்த்த மாத்திரத்தில் பிரித்தறியும்படி இருக்க வேண்டும். மீதி நிலத்தையும் எப்போது மாற்றப்போகிறீர்கள் என்று திட்டம் கேட்பார்கள்.

காகிதங்கள்

அரசுத் துறையில் கேட்பவை: விண்ணப்பம் மூன்று பிரதி, பண்ணையின் பொது விவரக் குறிப்பு, பண்ணை வரைபடம், மண் மற்றும் பாசன நீர்ப் பரிசோதனை முடிவு, ஆண்டுப் பயிர்த் திட்டம், துறையோடு செய்யும் ஒப்பந்தம் மூன்று பிரதி, நில ஆவணம், பான் அட்டை, ஆதார், புகைப்படம். இவற்றில் பெரும்பாலானவை ஒரு நாள் வேலை. ஆளை அலைய வைப்பது பட்டாதான். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும், அல்லது பங்காளிகள் நான்கு பேர் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கும். உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்க மாதக் கணக்கில் ஆகலாம். இயற்கை விவசாயத்துக்குத் திரும்பலாம் என்ற எண்ணம் வந்த அன்றைக்கே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். குத்தகைக்காரர்கள் குத்தகை ஒப்பந்தத்தை மாறுகாலத்தையும் தாண்டி நிற்கும்படி எழுதிக்கொள்ள வேண்டும். மூன்று வருடம் மண்ணை வளமாக்கிக் கொடுத்த பிறகு நிலத்தைத் திருப்பிக் கேட்டால் உங்கள் உழைப்பு முழுதும் நிலக்காரருக்குப் போய்விடும்.

வரைபடத்துக்குப் புல வரைபடத்தை அடிப்படையாக வையுங்கள். அதன்மேல் வாய்க்கால், மடை, போர், கொட்டகை, மரங்கள் எல்லாவற்றையும் குறியுங்கள். நாலு பக்கமும் யார் நிலம், அதில் என்ன பயிர், என்ன மருந்து என்பதையும் எழுதுங்கள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் வடிகிறது என்று அம்புக்குறி போடுங்கள். அந்த அம்புக்குறியைப் போடும்போதுதான் உங்கள் நிலத்தின் உண்மையான சிக்கல் தெரியவரும்.

வரப்பும் தண்ணீரும்

டெல்டாவில் சான்று தடைபடும் இடம் பெரும்பாலும் இதுதான். மேட்டு வயலில் விட்ட தண்ணீர் மடை திறந்து அடுத்த வயலுக்கும், அதிலிருந்து அதற்கடுத்த வயலுக்கும் போகும். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் பாய்ச்சுகிறோம். மேல் வயல்காரர் காலையில் யூரியா தூவி, களைக்கொல்லி அடித்து, சாயங்காலம் மடையைத் திறந்துவிட்டால், உங்கள் வயலில் நீங்கள் போடாததெல்லாம் வந்து இறங்கிவிடும். மழை கொட்டும் ஐப்பசியில் வரப்பு உடைத்துக்கொண்டு வரும் தண்ணீருக்கு மடையே தேவையில்லை.

செய்யக்கூடியது இதுதான். மேட்டுப் பக்க வரப்பை மற்ற வரப்புகளைவிட உயர்த்தி, அகலப்படுத்தி, நண்டு வளைகளை அடைத்து நன்றாக அணைத்துக் கட்டுங்கள். அதன் உட்புறம் நீளவாக்கில் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, மேலிருந்து கசிவதும் வழிவதும் உங்கள் பயிருக்குள் போகாமல் நேரே வடிகாலுக்குப் போகும்படி செய்யுங்கள். அந்த வாய்க்காலில் கல்வாழையும் வெட்டிவேரும் நட்டால் மண்ணையும் பிடித்துக்கொள்ளும், வரும் தண்ணீரையும் ஓரளவு வடிகட்டும். உங்கள் பாசனத்துக்குப் பொது வாய்க்காலிலிருந்து நேரடி மடை கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால், மேல் வயலில் உரமும் மருந்தும் விழும் நாட்களுக்குப் போர்த் தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் காசு செலவாகும், வரப்பில் நிலமும் கொஞ்சம் போகும். ஆனால் இதைச் செய்யாமல் விண்ணப்பம் போடுவது வீண்.

தண்ணீர் பள்ளத்தை நோக்கி மட்டும்தான் ஓடும். காற்று எந்தப் பக்கமும் வீசும். பக்கத்து வயலில் கைத்தெளிப்பானால் அடித்தாலே சாரல் வரப்பைத் தாண்டும். இப்போது டிரோன் வந்துவிட்டது. உயரத்திலிருந்து விழும் அந்த நுண்துளி இன்னும் தூரம் போகிறது. எனவே எல்லையை ஒட்டிய ஒரு பட்டையைத் தடுப்புப் பகுதியாக விட வேண்டும். எத்தனை அடி என்பதை ஆய்வாளர் நிலத்தையும் பக்கத்துப் பயிரையும் பார்த்து முடிவு செய்வார். அந்தப் பட்டையிலும் நீங்கள் நெல் நடலாம், மருந்தில்லாமல்தான் வளர்க்கலாம், ஆனால் அதைத் தனியாக அறுத்து, தனியாக மூட்டை கட்டி, சாதாரண நெல்லாகத்தான் விற்க வேண்டும். வேறு வழி, வரப்பில் அகத்தி, சித்தகத்தி, கிளுவை என்று நெருக்கி நட்டு உயிர்வேலியாக வளர்ப்பது. வேலி அடர்ந்து வளரக் காலம் பிடிக்கும் என்பதால் பதிவு செய்யும் ஆடியிலேயே நட்டுவிடுங்கள். நிழல் விழுகிறது என்று பக்கத்து வயல்காரர் சண்டைக்கு வரலாம். நடுமுன் அவரிடம் பேசிவிடுங்கள்.

பேசுவதுதான் இதில் பெரிய வேலை. "அண்ணே, மருந்து அடிக்கிறதா இருந்தா முதநாளே ஒரு சத்தம் குடுங்க, நான் மடைய அடைச்சுக்கிறேன்." இவ்வளவு கேட்டால் போதும். உங்கள் மருந்து கெடுதல் என்று அவருக்குப் பாடம் நடத்தத் தொடங்கினால் அடுத்த முறை சத்தம் கொடுக்க மாட்டார். சிலர் வரப்போரம் தங்கள் செலவிலேயே பறவை தாங்கிக் குச்சிகளை இரண்டு வயலுக்கும் சேர்த்து நட்டுக்கொடுத்து நட்பைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள்.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. விஷம் தெளிப்பவரிடம் யாரும் எந்தப் படிவமும் கேட்பதில்லை. அது பக்கத்து வயலுக்குப் போனதற்கு அவர் பொறுப்பேற்பதும் இல்லை. தெளிக்காத விவசாயி தன் நிலத்தில் ஒரு பட்டையை இழந்து, தன் காசில் வரப்பை உயர்த்தி, தன் நெல்லில் விஷம் இல்லை என்று தானே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. 2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிட்டது. சாரலாலும் தண்ணீராலும் வரும் இழப்பைச் சிறு விவசாயி ஒருவரே சுமக்கக் கூடாது என்று கேட்க அந்தக் கொள்கை இருக்கும் காலத்தைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. குழுவாக இருப்பவர்கள் குறைதீர் கூட்டத்தில் இதை எழுப்புங்கள்.

கொட்டகையில் இருப்பவை

எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்ற பட்டியல் நீளமானது. சான்றளிப்பு அலுவலகத்தில் கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ், களைக்கொல்லி, பூச்சிமருந்து எதுவும் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தொழுஉரம், தக்கைப்பூண்டு, சணப்பு, வேப்பம்பிண்ணாக்கு, பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், அசோஸ்பைரில்லம், சூடோமோனஸ் எல்லாம் போடலாம் என்பதும் தெரியும். தடுக்கி விழுவது இவற்றுக்கு நடுவில் இருக்கும் சின்னச் சின்ன விஷயங்களில்தான்.

விதை: கடையில் வாங்கும் விதையில் பூஞ்சாணக் கொல்லி தடவியிருக்கும். பையின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். நேர்த்தி செய்யாத விதைதான் வேண்டும். நம் மூன்று ஏக்கர்க்காரர் மாப்பிள்ளைச் சம்பாவும் தூயமல்லியும் வைத்திருப்பதால், சொந்த விதையையே எடுத்து வைக்கலாம். மறைந்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் திருவிழாக்கள் நடத்தி விதையைக் கைமாற்றிப் பரப்பியதன் பலன் இப்போது சான்று வாங்குகிற தலைமுறைக்குக் கிடைக்கிறது.

பாட்டில் மருந்து: "முழுக்க இயற்கை" என்று எழுதிய குப்பிகள் கடையில் நிறைய. அடித்த மறுநாளே புழு மொத்தமும் செத்து விழுந்தால் சந்தேகப்படுங்கள். உள்ளே ரசாயனம் கலந்தவையும் விற்பனையில் இருக்கின்றன. சோதனையில் எச்சம் தெரிந்தால் குப்பிக் கம்பெனி பதில் சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஐந்திலைக் கரைசலை வீட்டிலேயே போட்டுக்கொள்வது இந்த விஷயத்தில் பாதுகாப்பும்கூட. வெளியே வாங்கினால் வாங்குமுன் சான்றளிப்பு அலுவலகத்தில் கேட்டு, ரசீதோடு வாங்குங்கள்.

கோழி எரு: பெரிய பண்ணைகளிலிருந்து லாரியில் வரும் எருவுக்குக் கட்டுப்பாடு உண்டு, கேட்காமல் இறக்க வேண்டாம்.

எலி: விஷ உருண்டை கூடாது. தஞ்சாவூர்க் கிட்டி வைத்துப் பிடிக்கிறவர்கள் இன்னும் டெல்டாவில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுத்த கூலியையும் எழுதி வையுங்கள். எலியை எப்படிக் கட்டுப்படுத்தினீர்கள் என்ற கேள்விக்கு அதுவே பதில்.

தெளிப்பான்: வாடகைத் தெளிப்பானில் முந்தின நாள் யாரோ அடித்த மருந்து ஒட்டியிருக்கும். பஞ்சகவ்யத்துக்குச் சொந்தமாக ஒன்று வாங்கி, மேலே வண்ணம் பூசிப் பெயர் எழுதி வையுங்கள்.

சாக்கு: காலி உரச்சாக்கைக் கழுவிக் காயவைத்து நெல் கட்டுவது நம் வீடுகளில் சாதாரணம். இதைச் செய்யவே கூடாது. கொட்டகை மூலையில் ஒரு யூரியா சாக்கு மடித்துக் கிடந்தாலும் அது எப்படி வந்தது என்று நீங்கள் விளக்க வேண்டியிருக்கும். பதிவுக்கு முன் ஒரு நாள் கொட்டகையைக் காலி செய்து, பழைய மருந்துக் குப்பி, உரச்சாக்கு, எலிவிஷப் பொட்டலம் எல்லாவற்றையும் வெளியேற்றிவிடுங்கள்.

பதிவேடு

ஒரு நீளமான கணக்கு நோட்டு போதும். ஒவ்வொரு வேலைக்கும் தேதி, சர்வே எண், செய்த வேலை, போட்ட பொருள், அளவு, எங்கிருந்து வந்தது. இந்த ஆறும் இருந்தால் சரி. தமிழ் மாதக் கணக்கில்தான் உங்களுக்கு வேலை ஓடும். ஆய்வாளருக்கு ஆங்கிலத் தேதி வேண்டும். இரண்டையும் எழுதுங்கள். ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

12.9.2025, ஆவணி 27. சர்வே 112/3, ஒரு ஏக்கர். மாப்பிள்ளைச் சம்பா நடவு. சொந்த விதை, போன வருட அறுப்பில் எடுத்தது. நடவாட்கள் 14 பேர்.

5.10.2025, புரட்டாசி 19. அதே வயல். பஞ்சகவ்யம் தெளிப்பு, 10 லிட்டருக்கு 300 மில்லி, பத்து டேங்க். வீட்டில் தயாரித்தது, தயாரிப்பு விவரம் 31-ஆம் பக்கம். அன்று மேலண்டை வயலில் மருந்து இல்லை.

அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். பக்கத்து வயலில் என்றைக்கு மருந்து விழுந்தது, அன்றைக்கு மடை அடைத்தீர்களா, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று எழுதி வைத்தால், நாளைக்கு எச்சம் தெரிந்தால்கூட அது எங்கிருந்து வந்தது என்று காட்ட உங்கள் கையில் ஒரு பிடி இருக்கும்.

அன்றன்றைக்கே எழுதுங்கள். ஆய்வுக்கு முந்தின ராத்திரி ஒரே பேனாவில் ஆறு மாதத்தையும் எழுதிய நோட்டை ஆய்வாளர் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார். உங்களுக்கு எழுத நேரமில்லை என்றால் வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள். பல வீடுகளில் இந்த நோட்டை எழுதுவது மனைவிதான். அந்த வீடுகளின் பதிவேடுதான் பெரும்பாலும் சுத்தமாக இருக்கிறது. அவரையே ஆய்வாளரிடம் பேசச் சொல்லுங்கள்.

ஆய்வு நாள்

வருடத்துக்கு ஒருமுறையாவது ஆய்வு உண்டு; சொல்லாமலும் வரலாம். முதலில் நோட்டைக் கேட்பார், பிறகு எல்லையைச் சுற்றி நடப்பார், கொட்டகைக்குள் போவார். வயலில் வேலை செய்யும் கூலியாளிடம் "இதுக்கு என்ன அடிச்சீங்க?" என்று பேச்சுவாக்கில் கேட்பார். உங்கள் ஆட்களுக்கும் நீங்கள் என்ன செய்கிறீர்கள், ஏன் செய்கிறீர்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். கடைசியாகக் கணக்கைப் பொருத்திப் பார்ப்பார். இரண்டு ஏக்கரில் 36 மூட்டை கண்டதாக நோட்டு சொல்லும்போது 50 மூட்டை விற்ற ரசீது இருந்தால், மீதி 14 மூட்டை யாருடையது என்பார். வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் எடுத்ததையும் எழுதாவிட்டால் எதிர்ப்பக்கம் கணக்கு உதைக்கும்.

சந்தேகம் இருந்தால் மண்ணோ இலையோ நெல்லோ எடுத்து எச்சச் சோதனைக்கு அனுப்புவார். மாதிரி எடுக்கும்போது உடனிருந்து, முத்திரை வைப்பதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். சோதனைக் கட்டணம் ஆயிரக்கணக்கில் வரும், அதையும் செலவுக் கணக்கில் முன்பே சேர்த்துக்கொள்ளுங்கள். குறை எழுதிக் கொடுத்தால் பயந்துவிட வேண்டாம். பெரும்பாலான குறைகள் வரப்பு, பெயர்ப்பலகை, பதிவு சம்பந்தப்பட்டவை. கெடு தேதிக்குள் திருத்தி, படத்தோடு எழுத்தில் பதில் கொடுத்தால் முடிந்துவிடும்.

அறுத்த பிறகு

வாடகைக்கு வரும் அறுவடை இயந்திரத்தின் வயிற்றில் முந்தின வயலின் நெல் கிடக்கும். உங்கள் வயலில் இறங்குமுன் அதைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஓட்டுநர் முணுமுணுப்பார். வேறு வழி இல்லையென்றால் முதல் சுற்றில் வரும் நெல்லைத் தடுப்புப் பட்டை நெல்லோடு சேர்த்துத் தனியாகக் கட்டிவிடுங்கள். களத்திலும் அப்படித்தான், பக்கத்து வீட்டு நெல் காயும் களத்தில் தார்ப்பாய் விரித்துக் காயவையுங்கள். சேமிக்கும் இடத்தில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை கூடாது. நன்றாகக் காய்ந்த நெல்லுக்கு நொச்சியும் வேப்பிலையும் போதும். காற்றுப் புகாத பையில் கட்டினால் இன்னும் நல்லது.

பலரும் கடைசியில் தடுமாறும் இடம் அரவை ஆலை. உங்களுக்குக் கிடைத்த சான்று நெல்லுக்கு. என்.பி.ஓ.பி. முறையில், சான்று பெறாத ஆலையில் அரைத்த அரிசியை நீங்கள் அங்கக அரிசி என்று முத்திரை போட்டு விற்க முடியாது. பதப்படுத்துகிற இடத்துக்கும் தனியாகச் சான்று வேண்டும். எனவே அறுவடைக்கு முன்பே, நெல்லாக விற்பதா, சான்று பெற்ற ஆலையில் அரைப்பதா என்று முடிவு செய்யுங்கள். பி.ஜி.எஸ். குழுக்கள் தங்கள் கண்காணிப்பிலேயே சிறிய அரவையைச் செய்துகொள்வது இந்தச் சிக்கலைக் குறைக்கிறது. அரிசியாக்கிப் பை போட்டு விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண்ணும் வேண்டும்.

நிறுவனத்துக்கு விற்கும் ஒவ்வொரு லோடுக்கும் டிரான்சாக்‌ஷன் சர்ட்டிபிகேட் வாங்க வேண்டும். அபீடாவின் டிரேஸ்நெட் இணையத்தில் உங்கள் பரப்பு, விளைச்சல், விற்பனை மூன்றும் ஏறும். விளைந்ததற்கு மேல் விற்க அது விடாது. வாங்குகிறவர் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று லாரியை ஏற்றச் சொன்னால் ஏற்றாதீர்கள். அந்தக் காகிதம் இல்லாமல் போன நெல்லுக்குச் சாதாரண விலைதான் கொடுப்பார்கள்.

உங்கள் நிலத்துக்குக் கிடைத்த சான்று, அதாவது ஸ்கோப் சர்ட்டிபிகேட், ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். முடியும் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, அதற்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் கொடுத்து, கட்டணத்தையும் கட்டிவிடுங்கள். டெல்டாவில் அந்தத் தேதி பெரும்பாலும் நடவு நேரத்திலோ அறுப்பு நேரத்திலோதான் வந்து விழும். எல்லோரும் வயலில் இருக்கும்போது ஒரு வாரம் தவறினால் சான்றின் தொடர்ச்சி அறுந்துவிடக் கூடும். இந்த ஒரு வேலையை மட்டும் குழுவில் ஒருவர் பொறுப்பாக எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் நினைவுபடுத்தட்டும்.